உடலுக்குப் பொருந்தும் இரவிக்கை: துணித் தேர்வும் தைக்கும் முறையும்

புதிதாகத் தைத்த இரவிக்கை முதல் நாள் சரியாகப் பொருந்தியிருந்து, ஒரு சலவைக்குப் பின் இறுகிவிடுவது பல வீடுகளிலும் காணப்படுவதாகும். குற்றம் தைத்தவர் கையில் உள்ளதென்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் துணியின் இயல்பை அறியாமையே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். தையல் கற்பிக்கும் ஆசிரியரும் களப்பணியாளரும் கத்தரிக்கோலைக் கையில் கொடுக்கும் முன்னரே இவ்வியல்பை விளக்குவாராயின், பொருளும் உழைப்பும் வீணாகா.

துணியைத் தேர்தல்

இரவிக்கை உடலை ஒட்டியிருப்பது. ஆதலின் வியர்வையை ஏற்கும் துணியே ஏற்றது. சாதாரணக் காற்றிலுள்ள ஈரத்தில், உலர்ந்த பருத்தி 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம் ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டரோ அரை கிராமுக்கும் குறைவாகவே ஏற்கும். வெயிலில் வேலை செய்வோருக்கும் அடுப்பருகே நிற்போருக்கும் பருத்தி நலம். பருத்தியும் தீப்பற்றும், எனினும் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் புண் ஆழமாகும்.

கடைகளில் 'டூ பை டூ' என வழங்கும் துணியில் பாவு, ஊடை இரண்டும் இரட்டை இழை முறுக்கிய நூலாலானவை. அதனால் அது மெலிதாயினும் உறுதியானது. பாப்ளின் துணியும் நன்கு உழைக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்க்க வேண்டும். நெசவு நெகிழ்ந்திருந்தால் தையலோரத்தில் நூல் விலகிவிடும். நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரியும்.

துணி சுருங்கும் காரணம்

தறியில் நூல்கள் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையில் நெய்யப்படுகின்றன. துணி நனைந்ததும் பருத்தி இழைகள் பருக்கின்றன. இழுவிசை தளர்ந்து நூல்கள் தம் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றன. இதுவே சுருக்கம். பொதுவாக இது பாவின் திசையில் மிகுதி.

இதனை வகுப்பிலேயே காட்டலாம். துணியின் கரைக்கு இணையாக 50 சென்டிமீட்டரும், குறுக்கே 50 சென்டிமீட்டரும் அளந்து நூலால் அடையாளமிட வேண்டும். ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து, மீண்டும் அளக்க வேண்டும். 50 என்பது 48 ஆயின் சுருக்கம் நூற்றுக்கு 4 ஆகும்.

சிறிதாகத் தோன்றும் இவ்வளவு என்ன செய்யும்? மார்புச் சுற்றளவு 84 சென்டிமீட்டர் எனக் கொள்க. மூச்சு விடவும் கையை அசைக்கவும் 4 சென்டிமீட்டர் தளர்வு சேர்த்து 88 ஆகத் தைக்கப்படுகிறது. துணி குறுக்கே நூற்றுக்கு 5 சுருங்குமாயின் 4.4 சென்டிமீட்டர் குறைந்து, மிஞ்சுவது 83.6. இரவிக்கை உடலைவிடச் சிறிதாகிவிட்டது! ஆகவே வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்துதல் இன்றியமையாதது. உள்துணி வைத்துத் தைப்பதாயின் அதனையும் நனைக்க வேண்டும். இல்லாவிடில் இரண்டும் வெவ்வேறளவில் சுருங்கித் தையல் சுளிக்கும்.

அளவும் கணக்கும்

நாடாவை இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடித்து மார்பு, இடுப்பு, தோள், முன் நீளம், பின் நீளம், கை நீளம், கைச் சுற்றளவு ஆகியவற்றை அளக்க வேண்டும். கைச் சுற்றளவை முழங்கையை மடக்கிய நிலையில் எடுப்பது நன்று.

மேற்கூறிய 88இன் கால் பங்கு 22. இடுப்பு 70 ஆயின், தளர்வு சேர்த்து 74. அதன் கால் பங்கு 18.5. வேறுபாடு 3.5 சென்டிமீட்டர். இதில் 2.5 பங்கை டார்ட் எனப்படும் பிடிப்பிலும், 1 பங்கைப் பக்கத் தையலின் சரிவிலும் குறைக்கலாம். பக்கத் தையலுக்கு உள்ளே 2.5 சென்டிமீட்டர் துணி விட்டு வைத்தால், பின்னர் உடல் பருத்தாலும் பிரித்துத் தைக்க இயலும். முன்திறப்பில் கொக்கிப் பட்டிக்கும் துணி சேர்க்க வேண்டும்.

பிடிப்பின் பயனை ஒரு காகித வட்டத்தால் விளக்கலாம். ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கோடு வெட்டி, வெட்டிய விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் தட்டைக் காகிதம் கூம்பாகக் குவியும். தட்டைத் துணியை உடலின் வடிவுக்குக் கொணர்வதும் இவ்வாறே. பிடிப்பின் முனை மார்பின் உச்சியை நோக்க வேண்டும். ஆனால் அதற்குச் சுமார் 2 சென்டிமீட்டர் முன்னரே முடிய வேண்டும். இன்றேல் அங்கே கூராகத் துருத்தும்.

வெட்டுதலும் தைத்தலும்

முதலில் காகிதத்தில் வரைந்து வெட்டி, அதனைத் துணிமீது வைக்க வேண்டும். நீளவாட்டு கரைக்கு இணையாக அமைதல் வேண்டும். சாய்ந்தால் அணியும்போது தையல் ஒரு பக்கம் முறுகும். கழுத்துப் பட்டியை மட்டும் மூலைவாட்டமாக வெட்டுவர். அது நீண்டுகொடுத்து வளைவில் படியும்.

கை பொருத்தும் குழியை ஆழமாக வெட்டினால் கையை எளிதில் தூக்கலாம் எனச் சிலர் எண்ணுவர். நிகழ்வது இதற்கு மாறானது. குழி தாழ்ந்தால் கையை உயர்த்தும்போது இரவிக்கை முழுவதும் மேலே இழுபடும். நாற்று நடுவோருக்கும் நீர் இறைப்போருக்கும் இது பெருந்தொல்லையாகும்.

இயந்திரத்தில் ஏற்றுமுன் பெருந்தையலிட்டு அணிந்து பார்த்துத் திருத்த வேண்டும். மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசியும், நடுத்தரத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும் பொருந்தும். சென்டிமீட்டருக்கு 4 அல்லது 5 தையல் விழுந்தால் போதும்.

கற்போர் முதல் இரவிக்கையைப் பழைய வேட்டித் துணியில் தைத்துப் பழகுதல் நலம். பலமுறை சலவை கண்ட அத்துணி இனிச் சுருங்காது. எனவே அதில் தோன்றும் குறை அளவிலோ வெட்டிலோ நேர்ந்ததெனத் தெளிந்து, புதுத் துணியில் அதனைத் தவிர்க்கலாம்.