காட்டு மண்ணின் சேமிப்பு நிதி

வெட்டிச் சுட்ட காட்டில் மரங்கள் மறுபடியும் அடர்ந்து நிற்கக் கண்டால், பழைய காடு திரும்பிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. மரங்கள் திரும்பியது மெய்யே. மண்ணின் நிலைமை வேறு. வரவு, செலவு, மூலதனம் ஆகியவற்றில் பழகிய சங்க அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை எளிதில் உணரக்கூடும்.

1. நைட்ரஜன் சுழலும் விதம்

தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் பயிருக்கும் மரத்துக்கும் இன்றியமையாதது. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. ஆயினும் வேர்கள் அதை நேரே கொள்ளமாட்டா. உதிர்ந்த இலையும் சுள்ளியும் மக்கும்போது, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றின் நைட்ரஜனை அம்மோனியமாக்குகின்றன. வேறு சில நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேர்கள் பெரும்பாலும் இவ்விரு உருவங்களிலேயே அதை உறிஞ்சுகின்றன. அது இலையாகிப் பின்னும் சருகாக மண்ணுக்கே திரும்புகிறது.

2. பழங்காடு

பிரேசில் தேசத்து அமேசான் பிரதேசத்தின் தாழ்நிலப் பழங்காடுகளில் இந்நிதி நிறைந்துள்ளது. மரங்கள் எடுத்ததுபோக நைட்ரேட் மிஞ்சுகிறது. மிஞ்சியதில் ஒரு பகுதி மழைநீருடன் கீழிறங்குகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவாக வெளியேறுகிறது. அங்கே தட்டுப்பாடு நைட்ரஜனுக்கன்று, மணிச்சத்தாகிய பாஸ்பரஸுக்கே.

3. மறுகாடு

அந்நாட்டின் பாரா மாநிலத்துக் கிழக்குப் பகுதியில், குடியானவர்கள் காட்டை வெட்டித் தீயிட்டு, மரவள்ளி முதலியன பயிர்செய்து, சில ஆண்டுகளில் நிலத்தைக் கரம்பாக விடுவதுண்டு. வெட்டிய மரத்திலும் தழையிலும் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி தீயில் வாயுவாகப் போய்விடுகிறது. பாஸ்பரஸோ அதிகமாய்ச் சாம்பலில் தங்குகிறது. இவ்வாறு விடப்பட்டு 3 ஆண்டு முதல் 70 ஆண்டு வரை வளர்ந்த காடுகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இளங்காட்டு மண்ணில் நைட்ரேட் சொற்பம். வெளியேறும் நைட்ரஸ் ஆக்ஸைடும் சொற்பம். கையிருப்புக் குறைந்த குடும்பம் காலணாவையும் சிந்தாததுபோல, இளங்காடு கிடைத்ததை எல்லாம் தன்னுள்ளேயே பிடித்துவைக்கிறது. வயது ஏற ஏறக் கையிருப்பு பெருகுகிறது. பழங்காட்டின் நிலைமையை அது அணுகுவதற்குப் பல பத்தாண்டுகள் செல்கின்றன.

4. புதிய வரவு

இந்நிதியை நிரப்புவோர் யார்? பனாமா நாட்டு மறுகாடுகளைப்பற்றி 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. அவரைக் குடும்பத்து மரங்களின் வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைச் சத்தாக்குகின்றன. முதல் 12 ஆண்டு வளர்ச்சிக்கு வேண்டிய நைட்ரஜனில் பாதிக்குமேல் இம்மரங்களே அளித்தன. கொழிஞ்சியையும் சணப்பையும் மடக்கி உழும் நம் விவசாயிகளுக்கு இது புதுமையன்று.

5. நாம் அறியவேண்டியது

மறுகாட்டில் நிதி சேருமுன் மீண்டும் தீயிடுவது, முதற்கடன் தீருமுன் மறுகடன் வாங்குவதை ஒக்கும். பலமுறை சுடப்பட்ட நிலத்தில் காடு மெதுவாகவே எழுகிறது. மரத்தின் உயரத்தை மட்டும் பார்த்து மண் தேறியதென்று கணக்கெழுதலாகாது.

தணிக்கைக்குச் செல்லும் கிராமங்களில் தோப்புச் சருகைக் குவித்துக் கொளுத்துவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே புகைவது அடுத்த ஆண்டின் எருவே. உங்கள் கிராமத்திலும் இவ்வழக்கம் இருப்பின், சருகை எருக்குழியில் சேர்க்கும் ஏற்பாட்டை அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசித்துத் தீர்மானிப்பது நலம்.