மதகஜராஜா 12 வருஷம் லேட். உங்க ஃபிளாட் எத்தனை வருஷம் லேட்?

போன வீடியோல மதகஜராஜா பத்தி ரெண்டு நிமிஷம் பேசினேன். வட்டிக் கணக்கை ஸ்க்ரீன்ல வேகமா ஓட்டிட்டேன். அதை இங்க நிதானமா பார்ப்போம்.

சுந்தர்.சி இயக்கத்துல விஷால், சந்தானம் நடிச்ச ஆக்‌ஷன் காமெடி. 2013 பொங்கலுக்கு வர வேண்டிய படம், பணப் பிரச்சினையில சிக்கி 2025 ஜனவரி 12 அன்னிக்குத்தான் தியேட்டருக்கு வந்துச்சு. அதுக்குள்ள சந்தானம் ஹீரோவாயிட்டார். நம்மள விழுந்து விழுந்து சிரிக்க வெச்ச மனோபாலா 2023லயே காலமாயிட்டார். ஆனா படம் நல்லா ஓடுச்சு. "லேட்டானா என்ன, ஜெயிச்சிடுச்சுல்ல?" என்று நண்பர் ஒருத்தர் கேட்டார்.

இங்கதான் கணக்கு வேணும். ஒரு படத்துல (இந்தப் படத்தோட நிஜக் கணக்கு இல்ல, பொதுவா சொல்றேன்) ஒருத்தர் 10 கோடி போட்டு 20 கோடி எடுக்கிறார்னு வைங்க. ஒரு வருஷத்துல எடுத்தா 100% லாபம். 12 வருஷத்துல எடுத்தா வருஷத்துக்கு 6% கூட வராது. அதே பணம் 7% எஃப்டில இருந்திருந்தா 22.5 கோடி. அந்த 10 கோடியே மாசம் 2 வட்டிக்கு வாங்கின கடன்னா? தனிவட்டியிலயே 38.8 கோடி திருப்பிக் கட்டணும். வருஷா வருஷம் வட்டி அசலோட சேர்ந்தா 132 கோடி! படம் ஹிட்டுதான், ஆனா யாருக்கு லாபம்?

நமக்கு எதுக்கு சினிமாக் கணக்குன்னு கேட்காதீங்க. நம்மள்ல பல பேர் வாழ்க்கையில ஒரு தடவை இப்படிப் பணம் போடுவோம். கட்டிட்டு இருக்கிற ஃபிளாட்.

நானும் போட்டேன். முதல் டிஸ்பர்ஸ்மென்ட் 2015 ஆகஸ்ட். சாவி தர்றதா சொன்னது 2018 டிசம்பர். கையில கிடைச்சது 2021 செப்டம்பர். 33 மாசம் லேட். மாச வாடகை 14,000, ஆக 4,62,000 ரூபாய் நேரடி நஷ்டம். கூடவே ப்ரீ-இஎம்ஐ மாசம் சுமார் 20,000. வட்டி எப்படியும் கட்ட வேண்டியதுதானேன்னு கேட்கலாம், நியாயம்தான். ஆனா அந்த 33 மாசமும் அசல்ல ஒரு ரூபாய்கூட குறையல.

அடுத்த அடி வரியில. பழைய வரி முறையில, நாமே குடியிருக்கிற வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரை கடன் வட்டியைக் கழிக்கலாம். ஆனா கடன் வாங்கின நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள கட்டுமானம் முடியணும். முடியலைன்னா வரம்பு வெறும் 30,000. என் கணக்குல கெடு 2021 மார்ச் 31. ஆறு மாசத்துல போச்சு. 1,70,000 ரூபாய் கழிவு இல்லாம, 20% ஸ்லாப்ல செஸ்ஸோட சேர்த்து வருஷத்துக்கு 35,360 ரூபாய் கூடுதல் வரி. ஊருக்கே வரி சொல்ற ஆடிட்டர் நான்! வீட்ல இன்னிக்கும் கிண்டல்தான். (புதிய வரி முறையில இருக்கீங்கன்னா, குடியிருக்கிற வீட்டுக்கு இந்தக் கழிவே கிடையாது.)

இன்னொரு தப்பும் பண்ணேன். ரெரா சட்டம் பிரிவு 18 படி, சொன்ன தேதியில வீடு தரலைன்னா பணத்தை வட்டியோட திருப்பிக் கேட்கலாம்; வீடுதான் வேணும்னா தாமதமான ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி கேட்கலாம். "இதோ அடுத்த மாசம் சார்" என்று பில்டர் சொல்லிட்டே இருந்தார், நானும் போய் புகார் கொடுக்கல.

புக் பண்ணப் போறவங்க, ப்ரோஷர்ல இருக்கிற தேதியை விட்டுடுங்க. தமிழ்நாடு ரெரா தளத்துல அந்த ப்ராஜெக்டுக்கு பில்டர் கொடுத்திருக்கிற முடிவுத் தேதியைப் பாருங்க. அக்ரிமென்ட்லயும் அதே தேதிதான் இருக்கான்னு பாருங்க. ஏற்கெனவே லோன் ஓடுதுன்னா, ஸ்டேட்மென்ட்ல முதல் டிஸ்பர்ஸ்மென்ட் தேதியை எடுங்க. அந்த நிதியாண்டோட மார்ச் 31லிருந்து 5 வருஷம் எண்ணுங்க. ஒரு வருஷத்துக்கும் கம்மியா இருந்து, கட்டடம் இன்னும் பூச்சு வேலையிலயே நிக்குதுன்னா, இந்த வாரமே பில்டருக்கு எழுத்துல ஒரு கடிதம் போடுங்க. போன்ல பேசினதை மட்டும் நம்பி இருக்காதீங்க.