பூஞ்சேரிப் பாறைக்கு வா

மாமல்லபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நீ போனில் சொன்னதைக் கேட்டு மனசு நிறைந்துவிட்டது. பெரிய கம்பெனி, நீ இயக்கப்போகும் சூப்பர் ஹீரோ படம், அட்வான்ஸும் தயார். கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடு.

நம் நாட்டில் ஒரு சினிமாவுக்கு ஆசிரியர் யார்? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது. இயக்குநருக்கு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதுதான் பலம். ஃபைனல் கட், அதாவது படத்தின் கடைசி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை, யார் கையில் என்று முதலில் கேள். கூச்சப்படாதே.

இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்குமான இந்தச் சண்டை நமக்குப் பழசு. ‘சந்திரலேகா’வை இயக்கத் தொடங்கிய டி.ஜி. ராகவாச்சாரி, தயாரிப்பாளர் எஸ்.எஸ். வாசனோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலகினார். வாசனே இயக்கி முடித்து 1948இல் வெளியிட்டார். அதில் வரும் முரசு நடனத்தை இன்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த முதலாளியோடு நீ மோதலாம், தோற்கவும் செய்யலாம், படம் பிழைத்துக்கொள்ளும். என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாமல் ஆளுக்கொரு திருத்தம் சொல்லும் குழுவிடம் மாட்டினால் படமே போய்விடும்.

‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார். மகளைப் பறிகொடுத்த ஸாக் ஸ்னைடர் விலகியதும், ஜாஸ் வீடனை வைத்து ரீஷூட் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கி 2017இல் வெளியிட்டார்கள். சைபோர்க் என்ற பாத்திரத்தின் கதை அதில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2021இல் வந்த ஸ்னைடரின் நான்கு மணி நேரப் படத்தில் அவன்தான் உயிர்.

இங்கே இயக்குநர் பாலாவுக்கே இப்படி நடந்தது. அவர் எடுத்து முடித்த ‘வர்மா’வை 2019இல் தயாரிப்பாளர்கள் ஒதுக்கிவிட்டு, வேறொருவரை வைத்து முழுப் படத்தையும் மறுபடி எடுத்தார்கள். படைப்புச் சுதந்திரத்துக்காகத் தானே விலகியதாக பாலா சொன்னார்.

உன் வகைப் படத்தில் ஆபத்து இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. நீ கேமரா வைப்பதற்குள் சண்டைக் காட்சிகளை கிராஃபிக்ஸ்காரர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து முடித்திருப்பார்கள். அந்த அறையில் முதல் நாளிலிருந்து உட்கார். ஒவ்வொரு ஷாட்டையும் ஸ்டோரிபோர்டு போட்டு, கம்பெனியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கோணத்திலும் எடுத்துக் குவிக்காதே. உன் படத்தை வேறு படமாக வெட்ட அந்த மிச்சம்தான் உதவும். பாட்டு, உடை, வில்லன் சாவு எதையும் விட்டுக்கொடு. உன் ஹீரோ ஏன் முகமூடி போடுகிறான் என்பதை மட்டும் விடாதே.

இங்கே மாமல்லபுரத்திலும் இதே கதைதான்: தர்மராஜ ரதத்தில் அரசர்களின் பட்டப்பெயர்கள்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. செதுக்கியவன் பெயர் அங்கே இல்லை. கொஞ்ச தூரத்தில், பூஞ்சேரிப் பாறையில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று பல்லவர் காலத் தச்சர்களின் பெயர்கள் இருக்கின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வா, காட்டுகிறேன். ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடாமல் எடுத்து வா. வரி வரியாகப் படிப்போம்.

உன் அண்ணன்