வரைபடமும் தலைப்பும்

‘மொட்டைத்தாதன் குட்டையில் விழுந்தான்’ என்பது வழக்கு. எந்தத் தாதன், எந்தக் குட்டை, என்றைக்கு விழுந்தான் என்ற விவரம் எதுவும் அதில் இராது. கணிப்பொறி வரைந்து தரும் வரைபடங்களுள் பலவும் இந்த நிலையில்தான் உள்ளன. அவற்றுக்கு உரிய தலைப்பிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய புள்ளியியல் மென்பொருள் ‘ஆர்’ ஆகும். அதனுடன் ‘நைல்’ என்னும் பெயரில் ஒரு புள்ளிவிவரத் தொகுதியும் வருகிறது. எகிப்திலுள்ள ஆஸ்வானில் 1871 முதல் 1970 வரை ஆண்டுதோறும் நைல் நதியில் ஓடிய நீரின் அளவே அது. ‘பிளாட்’ என்னும் கட்டளையால் இதனை வரைந்தால் கோடு அழகாக வருகிறது. ஆனால் தலைப்பு இல்லை. நிலை அச்சில் ‘நைல்’ என்றும், கிடை அச்சில் ‘டைம்’ என்றும் மட்டுமே காண்கிறோம். பரவல் செவ்வகப் படம் வரையும் ‘ஹிஸ்ட்’ கட்டளையோ ‘ஹிஸ்டோகிராம் ஆஃப் நைல்’ என்று தானே ஒரு தலைப்பிடுகிறது. தொகுதியின் பெயரைத் திருப்பிச் சொல்வதன்றி, அது ஓர் ஆறு என்பதைக் கணிப்பொறி அறியாது.

இதனை மாற்றுவது எளிது. கட்டளையின் அடைப்புக்குறிக்குள் ‘மெயின்’ என்பதற்கு நேராக மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவது தலைப்பாகும். ‘சப்’ என்பது படத்தின் கீழே வரும் துணைத் தலைப்பு. ‘எக்ஸ்லேப்’, ‘ஒய்லேப்’ என்பவை அச்சுகளின் பெயர்கள். தலைப்பு நீண்டால், மடக்க வேண்டிய இடத்தில் பின்சாய்கோட்டையும் ‘என்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தையும் இட்டால் அடுத்த வரிக்குச் செல்லும். வரைந்த பின்னரும் ‘டைட்டில்’ கட்டளையால் தலைப்பைச் சேர்க்கலாம். ஆனால் முன்பே ஒரு தலைப்பு இருந்தால் புதியது அதன்மேல் விழுந்து இரண்டும் படிக்க முடியாமற் போகும். ஆகவே, முதலில் ‘மெயின்’ என்பதை வெற்று மேற்கோள் குறிகளாக விட வேண்டும்.

இனி, எதை எழுதுவது? என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றுக்கும் தலைப்பு விடை தர வேண்டும். ‘ஆஸ்வானில் நைல் நதியின் ஆண்டு நீரோட்டம், 1871–1970’ என்பது போதும். அலகை அச்சில் எழுதவேண்டும். 1871-க்குரிய எண் 1,120; அலகு பத்துக் கோடி கன மீட்டர். அதாவது 11,200 கோடி கன மீட்டர். அலகை விட்டுவிட்டால் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1898 வரை சராசரி ஏறத்தாழ 1,098, அதன்பின் 850. இதைக் கண்டவுடன் ‘அணையால் குறைந்த நைல்’ என்று தலைப்பிடத் தோன்றும். ஆனால் ஆஸ்வானின் பழைய அணை கட்டி முடிந்தது 1902-இல். நீரளவோ 1899-லேயே 774 ஆக இறங்கிவிட்டது. அணைதான் காரணம் என்று இப்படம் சொல்லவில்லை. தலைப்பு மட்டுமே சொல்கிறது. படிப்பவரோ தலைப்பைப் படித்த பிறகே கோட்டைப் பார்க்கிறார். காரணத்தைக் கட்டுரையில் வாதிடலாம். தலைப்பில் தீர்ப்பாக எழுதலாகாது.

கோட்டை வரைவது கணிப்பொறியின் வேலை. அது எதன் கோடு என்று சொல்லும் பொறுப்பு நம்முடையதே.