கடற்கரை வீட்டுக்குச் சீமைத் தோட்டம்

கேள்வி: தொலைக்காட்சித் தோட்டக்காரர் மாண்டி டானின் தோட்டத்தைப் போல் தூத்துக்குடியில் அமைக்கலாமா?

பதில்: பிபிசியின் ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ நிகழ்ச்சிக்காக 2011 முதல் படமாக்கப்பட்டு வரும் அவரது லாங்மெடோ, இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டுஷயரில் ஈரம் தங்கும் களிமண்ணில் அமைந்த தோட்டம். அங்கேயே, ‘பாக்ஸ்’ எனப்படும் சிற்றிலைப் புதரைக் கத்தரித்து வளர்த்த உயிர்வேலிகள் பல பூஞ்சை நோயால் பட்டுப்போய் அகற்றப்பட்டன. ரசனை அவரவர் உரிமைதான், தண்ணீர் அப்படியன்று. உப்புக்காற்று இலைநுனியைக் கருக்குவதும் மணல் நீரை நிறுத்தாததுமான முத்துக்குளித்துறையாம் தூத்துக்குடியில், புல்தரையைக் காட்டிலும், நெய்தலுக்குரிய (கடல்சார் நிலத்துக்குரிய) புன்னையும் தாழையும், நிழலுக்குப் பூவரசும், ஆட்டின் குளம்புபோல் நுனி பிளந்த இலையோடு மணலை இறுக்கிப் படரும் அடப்பங்கொடியுமே பொருந்தும். சுவரோரத்தில் நித்தியகல்யாணி கேட்காமலே முளைத்துக்கொள்ளும்.