ஆடிக் காற்றில் கேமராவுக்குள் புகும் தூசி

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்று காய்ந்த மண்ணை வாரி இறைக்கும் மாதம் இது. முகூர்த்தம் இல்லாததால் கல்யாண போட்டோகிராபர்களுக்கு வேலையும் குறைவு. ஆவணி முகூர்த்தங்களுக்குள் கேமராவைச் சுத்தம் செய்ய இதுதான் சமயம்.

துணியை எடுக்கும் முன், தூசி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எஃப்/16-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுங்கள். லென்ஸை மாற்றி எடுத்தாலும் அதே இடத்தில் சாம்பல் நிறப் புள்ளி நின்றால், தூசி சென்சார் மேல் இருக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டிய ஓரிரு துகள் படத்தில் அநேகமாகத் தெரியாது. அதற்காகத் தினமும் லென்ஸைத் தேய்ப்பவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள்.

எதற்கும் முதலில் ரப்பர் புளோயர். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. லென்ஸ் கண்ணாடி பெரும்பாலும் அதைவிட மென்மையானது. மணலை ஊதி விரட்டாமல் சட்டை நுனியால் துடைத்தால் கோட்டிங்கில் கீறல் விழும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள். போகாததை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். விரல் ரேகைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் மட்டுமே லென்ஸ் பென்னோ மைக்ரோஃபைபர் துணியோ வேண்டும். லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் விடுங்கள். கண்ணாடியில் நேரே விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் பக்கமே போகாதீர்கள்: அந்தக் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும், அழுத்தம் ஷட்டரையே வளைத்துவிடும். டப்பாவில் அடைத்த காற்றும் ஆபத்துதான். சாய்த்தால் குளிர்ந்த திரவமாகப் பீய்ச்சும்.

சென்சாருக்கு முன்னுள்ள ஃபில்டரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாட்டை 2003-இல் ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்தது. இன்று பல கேமராக்களில் அது உண்டு. முதலில் மெனுவில் அதை ஓடவிடுங்கள். தூசி அசையவில்லையா? டிஎஸ்எல்ஆர் என்றால் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, கிளீனிங் மோடில் மிரரைத் தூக்குங்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் மிரரும் ஷட்டரும் மூடிக்கொள்ளும். கேமராவின் வாயைத் தரை பார்க்கத் திருப்பி, முனை உள்ளே நுழையாமல் புளோயரை அழுத்துங்கள். அதற்கும் போகாத புள்ளிக்கே சென்சார் துடைக்கும் ஸ்வாப்: ஃபுல்ஃப்ரேமுக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. ஒரு முகத்தால் ஒரே இழுப்பு, மறுமுகத்தால் திரும்ப ஒன்று. பிறகு ஸ்வாபைக் குப்பையில் போட வேண்டும். கை நடுங்குபவர்கள் சர்வீஸ் சென்டரில் விடுவதே மேல்.

அம்மன் கோயில் தீமிதியையும் பால்குடத்தையும் எடுக்கப் போகிறவர்கள் ஒரே ஜூம் லென்ஸோடு போகலாம். மாற்றியே ஆகவேண்டுமென்றால் கேமராவை அணைத்துவிட்டு, கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள். வீடு திரும்பியதும் கேமரா பையைக் கவிழ்த்து உதறி, வாக்குவம் கிளீனரும் போடுங்கள். மூலையில் தங்கும் மணல் லென்ஸின் பின்மூடியில் ஒட்டித்தான் மறுநாள் உள்ளே போகிறது.