மீகடத்தி நிலைமாற்றியும் அறுகம்பேயும்

மின்னழுத்தத்தை வீட்டுக்கேற்பக் குறைப்பது நிலைமாற்றி. சுமை மிகும்போது அதன் செம்புச் சுருள்கள் சூடேற, மின்சத்தியிற் சிறிது வீணாகின்றது. கடுங்குளிரிற் பாதரசம் மின்தடையை முற்றாக இழப்பதை 1911இல் லைடன் நகரிற் காமர்லிங் ஒன்னசு கண்டார். பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியசிற் கொதிக்கும் திரவ நைதரசனிலேயே அவ்வியல்பைக் காட்டும் பொருள் 1987இற் கிடைத்தது. பத்தாண்டின் பின், 1997இல், செனீவா நகர மின்வலையமைப்பில் 630 கிலோவோற்று அம்பியர் மீகடத்தி நிலைமாற்றியொன்று இணைக்கப்பட்டது. எண்ணெய் வேண்டாம், தீயச்சம் குறைவு, பாரமும் குறைவு.

ஆயினும் அதனை அறுகம்பேக்குப் பரிந்துரைக்க நாம் துணியோம். இங்கே அலைச்சறுக்கற் பருவம் சித்திரை முதற் புரட்டாதி வரை. அதன்பின் விடுதிகள் பல வெறுமையாகும். சுமை குறைந்த காலத்தில் இழப்பின் பெரும்பகுதி சுருளில் அன்று, இரும்பு அகணியிலேயே நிகழும். அதனை மீகடத்தி தீர்க்காது. குளிரூட்டியோ இரவுபகலாக ஓடவேண்டும். மீன் படாத நாளிலும் பெட்டியில் ஐஸ் உருகுவதை நம் கடற்றொழிலாளர் நன்கறிவர்.

நெருக்கமான பெருநகரங்களுக்கே அது தகும். நமது கரைக்கு வேண்டுவன, அகணியிழப்புக் குறைந்த பளிங்குருவற்ற உலோக நிலைமாற்றிகள். கேள்விப்பத்திரங்களை ஒப்பிடுவோர் கொள்விலையோடு ஆயுட்கால இழப்பின் விலையையும் கூட்டிப் பார்க்குமாறு விதித்தல் வேண்டும்.